வயதாகாத மீன்கள்

தோல் ஃபேக்டரியின் கழிவுநீர்த் தொட்டியில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. தப்பித் தவறி வந்து விழுந்த மீன்கள் அல்ல. ஆரோக்கியமாக, சந்தோஷமாக, கோர்ட் முத்திரையோடு நீந்திக்கொண்டிருந்தன.

“படம் பதினாலைப் பாருங்க,” என்று ஓடைத் தெருக்காரர்களின் வக்கீலம்மா அறிக்கையை அண்ணியின் மேசைமேல் தள்ளினார். “‘கழிவுநீர் வெளியேறும் கடைசித் தொட்டியில் மீன்கள் துள்ளி விளையாடுவதை நேரில் கண்டேன்.’ கீழே கோர்ட் கமிஷனர் கையெழுத்து.”

“தண்ணி அவ்வளவு சுத்தம்னா எதுக்குத் தோல் பதனிடறாங்க? பேசாம நீச்சல் குளம் நடத்தலாமே,” என்றான் பஞ்சர்.

எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தாலும் ஒரே வார்த்தையில் காற்றைப் பிடுங்கிவிடுவான் என்பதால் வந்த பட்டம் அது. வயது நாற்பது. வேலை, அண்ணியை ஸ்கூட்டரில் ஏற்றிப் போவது, படம் எடுப்பது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது.

அண்ணி என்பது அவனுடைய அண்ணன் மனைவி. இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டு பிரித்த பெஞ்ச் கிளார்க். பொய்ச் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்துப்போய், போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கி, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். பஞ்சர் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கோர்ட் வளாகமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நீதிபதி மட்டும்தான் பாக்கி.

வழக்குக்கு ஒன்பது வயது. தோல் ஃபேக்டரி தன் கழிவை அப்படியே விடுவதால் ஓடைத் தெருக் கிணறுகளில் டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் ஊறுகிறது என்று தெருக்காரர்கள் போட்ட வழக்கு. இரண்டு வருடத்துக்கு முன் கோர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டு வெளியே வந்தாலும் ஃபேக்டரியை இழுத்துப் பூட்டு. சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்து வர ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. அவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திடீர் ஆய்வுக்குப் போவார். ஃபேக்டரிக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார். வழக்குப் போட்டவர்கள் சார்பில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கு மட்டும் தேதி தெரியும்.

நாலு ஆய்வு முடிந்துவிட்டது. நாலிலும் தண்ணீர் பளிங்கு.

இதில் விசேஷம், கமிஷனருக்குப் பதினைந்து வருடமாக சைனஸ். கற்பூரத்தைக் கொளுத்தி மூக்குக்குள் வைத்தாலும் ‘ஏதோ வெளிச்சமா இருக்கே’ என்பார். தோல் ஃபேக்டரியைச் சோதிக்க வாசனையே தெரியாத ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்த நீதித்துறையின் திறமையைப் பஞ்சர் பலமுறை பாராட்டியிருக்கிறான்.

“வர்ற வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை,” என்றார் வக்கீலம்மா. “அதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு ஆய்வு. அதுலயும் சுத்தம்னு வந்தா வழக்கை முடிச்சு வெச்சிடுவேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார். ஒன்பது வருஷம் அண்ணி. ஃபீஸ் வாங்காம நடத்தறேன். யாரோ தேதியை ஃபேக்டரிக்குச் சொல்றாங்க. யாருன்னு கண்டுபிடிங்க.”

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?” என்று மேசையைக் குத்தினார் தலைவர். “கமிஷனர்தான்! விலை போயிட்டார்!”

ஓடைத் தெருக் குடியிருப்போர் சங்கத் தலைவர். தெரு சார்பில் வழக்கில் மனுதாரரும் அவர்தான். தும்பைப்பூ மாதிரி சட்டை, பேசும்போது தானாகக் கலங்கும் கண். ஊரில் எல்லாரையும் கிண்டலடிக்கும் பஞ்சர், இவர் பேசினால் மட்டும் வாயை மூடிக்கொள்வான். அதற்குக் காரணம் இருந்தது. பஞ்சர் வீடும் ஓடைத் தெருவில்தான். போன வருடம் அவன் மகள் வயிற்றுப்போக்கில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல் ஆளாக ஓடி வந்தவர் தலைவர். “இனிமே கிணத்துத் தண்ணி பக்கமே போகாதீங்க,” என்று சொல்லி, அவன் வீட்டு வாசலுக்கே தண்ணீர் லாரியை வரவழைத்தார். ஓடைத் தெரு முழுக்க அவர் ஏற்பாட்டில் தினமும் காலையில் லாரி வந்தது. லாரி யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. குடத்தோடு நிற்கிறவன் ஆர்.சி. புத்தகம் கேட்பதில்லை.

“தலைவர் சொல்றது சரிதான் அண்ணி,” என்றான் பஞ்சர். “அந்த ஆளு முழியே சரியில்ல.”

அண்ணி நாலு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நாலிலும் மீன் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் இன்னும் நாலு குத்து குத்திவிட்டு, சங்கக் கூட்டம் இருக்கிறதென்று கிளம்பிப் போனார்.

“தம்பி, நம்ம ஓடையில நீ எப்பவாவது மீன் பாத்திருக்கியா?”

“மீனா? போன மாசம் ஒரு செருப்பைப் பாத்தேன் அண்ணி. அதுவே மிதக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்துச்சு.”

“இந்த மீனோட வாலைப் பாரு.”

பஞ்சர் குனிந்து பார்த்தான். தங்க நிறம். உப்பின வயிறு. வால் மூன்றாகப் பிரிந்து, கல்யாண வீட்டுத் தாவணி போல விசிறிக்கொண்டிருந்தது.

“இது டாக்டர் கிளினிக்ல கண்ணாடித் தொட்டில இருக்கற மீனாச்சே!”

“இப்ப தொட்டி ஓரத்துல டைல்ஸைப் பாரு. மீன் அந்த டைல்ஸ்ல பாதி நீளம். இது போன ஆய்வுல எடுத்த படம். ரெண்டு வருஷத்துக்கு முந்தின படத்துலயும் பாதிதான். நடுவுல இருக்கற ரெண்டு படத்துலயும் பாதிதான்.”

பஞ்சர் நாலையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப ரெண்டு வருஷமா இந்த மீனுங்க வளரவே இல்லையா?”

“வயசே ஆகல.”

“அந்தத் தண்ணியில நம்ம அண்ணனை ஒரு நாள் முக்கி எடுக்கலாமா அண்ணி? தலையில முடி வந்தாலும் வரும்.”

“வண்டியை எடு,” என்றார் அண்ணி.

*

ஊரில் வளர்ப்பு மீன் கடை மூன்று இருந்தன. முதல் இரண்டில் ஒன்றும் தேறவில்லை. மூன்றாவது கடையில் ஒரு மனிதர், மனிதர்களைக் கண்டாலே பிடிக்காத முகத்தோடு, மீன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மூன்று வால் தங்கமீன் கேட்டதும் அவர் எடுத்த எடுப்பில் பஞ்சரைப் பார்த்து, “தொட்டி எத்தனை லிட்டர்?” என்றார்.

“இன்னும் வாங்கல.”

“தண்ணியை எத்தனை நாள் ஊற வைப்பீங்க?”

“தண்ணியை ஊற வைக்கறதா? பருப்பைத்தான் ஊற வெச்சுப் பழக்கம்.”

“கிளம்புங்க. உங்களுக்கு மீன் கிடையாது.”

அண்ணி முன்னால் வந்தார். “இப்படித் தெரியாதவங்களுக்கு வித்து நிறைய அனுபவப்பட்டிருக்கீங்க போல.”

அவ்வளவுதான், மீன்காரருக்கு மடை திறந்தது. “ஏம்மா கேக்கறீங்க! ஒரு பார்ட்டி. இதுவரைக்கும் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் முப்பது தங்கமீன், எல்லாம் ஒரே அளவு வேணும்னு போன் வரும். டிரைவர் வந்து எடுத்துட்டுப் போவான். அடுத்த தடவை வரும்போது ‘பழசெல்லாம் எப்படிப்பா இருக்கு’ன்னு கேட்டா, ‘ரெண்டே நாள்ல போயிடுச்சு’ன்னு சிரிக்கறான். நூத்தியிருபது உயிர்! அடுத்த தடவை வரட்டும், மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லப்போறேன்.”

“எதுல வருவான்?” என்றார் அண்ணி.

“தண்ணி லாரியில. முப்பது மீனுக்கு ஒரு லாரி. கலெக்டருக்குக்கூட அந்த வசதி கிடையாது.”

“லாரி நம்பர்?”

“நான் மீனைப் பாப்பேனா, லாரியைப் பாப்பேனா?”

மீன் போன தேதிகள் மட்டும் அவருக்கு மனப்பாடம். செத்துப்போன சொந்தக்காரர்களின் திதியைச் சொல்வதுபோல் நாலையும் சொன்னார். நாலும் ஆய்வுக்கு முந்தைய நாள்.

“அடுத்த போன் வந்தா இல்லைன்னு சொல்லிடாதீங்க,” என்றார் அண்ணி. “குடுங்க. குடுத்த உடனே எங்களுக்குச் சொல்லுங்க.”

“எதுக்குக் குடுக்கணும்? சாகறதுக்கா?”

“இந்த முப்பதும் உயிரோட திரும்பி வரும். என் பொறுப்பு.”

மீன்காரர் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். “இருபத்தொன்பது வந்தாலும் ஒத்துக்க மாட்டேன்,” என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தபடி பஞ்சர் சொன்னான். “தெளிவாயிடுச்சு அண்ணி. ஆய்வுக்கு முந்தின நாள் தொட்டியைக் கழுவி, லாரித் தண்ணியை ரொப்பி, மேல மீனைத் தூவிடறாங்க. கமிஷனர் தேதியைச் சொல்றார், இவங்க மீனை வாங்கறாங்க.”

“தேதி கமிஷனருக்கு மட்டுமா தெரியும்?”

“வக்கீலம்மாவுக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியும். அவங்களைப் போய்…” அவன் சிரித்தான். “அவங்க நம்ம கட்சி.”

“அதனாலதான் கேட்டேன்,” என்றார் அண்ணி.

அன்று மாலையே வக்கீலம்மாவை வைத்து ஒரு சின்ன வேலை நடந்தது. கமிஷனரிடம் வியாழக்கிழமை ஆய்வு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சரி என்று எழுதிக்கொண்டார். தலைவரிடம் மட்டும் வக்கீலம்மா வேறு நாள் சொன்னார்: செவ்வாய்க்கிழமை.

“புதன்கிழமை மீன் போனா கமிஷனர்,” என்றார் அண்ணி.

“அதான் போகும். நான் எழுதியே தர்றேன்,” என்றான் பஞ்சர்.

*

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மீன்காரர் போன் செய்தார். முப்பது தங்கமீன், ஒரே அளவு, இப்போதுதான் லாரியில் ஏறின.

பஞ்சர் போனை வைத்தான். செவ்வாய்க்கிழமை என்று சொன்னது தலைவரிடம் மட்டும்தான்.

“வக்கீலம்மா போனை யாராவது ஒட்டுக் கேட்டிருப்பாங்க அண்ணி.”

“இருக்கலாம்.”

“இல்லன்னா தலைவர் வீட்டுல யாராவது…”

“இருக்கலாம். வா, போய்ப் பாத்துடலாம்.”

கமிஷனர் தன் அலுவலகத்தில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, “ஆய்வு வியாழக்கிழமைன்னு எழுதிட்டேனே,” என்றார்.

“உங்களை நியமிச்ச உத்தரவுல மூணாவது பாராவைப் பாருங்க ஐயா,” என்றார் அண்ணி. “‘எந்த நாளிலும், எந்த நேரத்திலும்’னு இருக்கும். நான்தான் டைப் அடிச்சேன்.”

துண்டு மெல்ல விலகியது. உள்ளே இருந்தது, விலை போன முகமாகத் தெரியவில்லை. ஜலதோஷம் பிடித்த, கொஞ்சம் பயந்த, நேர்மையான முகம். “எல்லாரும் என்னைத்தான் சந்தேகப்படறாங்கன்னு எனக்கும் தெரியும்மா,” என்றார் அவர். “என் சம்சாரமே கேட்டுட்டா.” பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஃபேக்டரி வாசலில் காவலாளி மறித்தார். மேனேஜர் வெளியூர், சாவி அவரிடம், சாவி இல்லை, கதவு ரிப்பேர் என்று வரிசையாக நாலு காரணம் சொன்னார். கமிஷனர் உத்தரவை நீட்டினார். ஐந்தாவது காரணத்தைக் காவலாளி யோசிப்பதற்குள் அண்ணி சின்னக் கதவு வழியாக உள்ளே போயிருந்தார்.

பச்சைத் தோல்கள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஈக்கள் அதைச் சொந்த வீடாகப் பதிவு செய்துவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தன. பஞ்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். கமிஷனர் மட்டும் பூங்காவில் நடப்பவர்போல் கைவீசி நடந்தார். வழியில் ‘கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்’ என்று புது பெயிண்டில் பலகை. பலகைக்குப் பின்னால் துருப்பிடித்த மோட்டார். மோட்டாரில் ஒரு சிலந்தி, பணி நிரந்தரமாகிப் பல காலமான திருப்தியோடு வலை பின்னியிருந்தது.

“மெஷினு ஓடினா பாவம், அதுக்கு வேலை போயிடும்,” என்றான் பஞ்சர், பழக்கதோஷத்தில்.

கட்டடத்தின் பின்பக்கம் திரும்பினார்கள். வெள்ளை டைல்ஸ் பதித்த தொட்டி. பக்கத்தில் தண்ணீர் லாரி. லாரியிலிருந்து தடித்த குழாய் தொட்டிக்குள் இறங்கித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் கையில் உப்பின பிளாஸ்டிக் பைகள், பைகளுக்குள் தங்கமீன்கள். தொட்டி விளிம்பில் குடை பிடித்து நின்ற ஒருவர் அக்கறையோடு சொல்லிக்கொண்டிருந்தார்:

“அப்படியே கொட்டாதடா. பையோட கொஞ்ச நேரம் மிதக்க விடு. இல்லன்னா செத்துடும்.”

தும்பைப்பூச் சட்டை.

பஞ்சரின் கைக்குட்டை கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

“தலைவரே,” என்றார் அண்ணி, “ஆய்வு நாளைக்குத்தானே?”

தலைவர் திரும்பினார். முகத்தில் இரண்டு மூன்று பதில்கள் வந்து போயின. கடைசியில், “நானும் திடீர் ஆய்வுக்குத்தான் வந்தேன்,” என்றார்.

“மீனோடயா?”

டிரைவருக்கு அரசியல் தெரியவில்லை. “ஓனரே, பையை அவுக்கட்டுமா வேண்டாமா?” என்று கேட்டுவிட்டான்.

ஓனர். ஓடைத் தெருவுக்குத் தினமும் வரும் அந்த லாரி மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கு வரும் லாரிகள் எல்லாமே தலைவருடையவை, அவர் மனைவி பெயரில். கிணறு கெட்டிருக்கும் வரை லாரி ஓடும். வழக்கு நடக்கும் வரை அவர் தலைவர். வழக்கு ஜெயிக்கவும் கூடாது, தோற்கவும் கூடாது. கடைசி விசாரணை என்று வந்துவிட்டதால், தோற்றால் பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தார்.

“மீன் யாரோட யோசனை?” என்று அண்ணி கேட்டார்.

“என்னோடதுதான்,” என்றார் தலைவர். அந்த நேரத்திலும் குரலில் லேசான பெருமை. “வெறும் தண்ணியைக் காட்டினா யார் நம்புவா? ஒரு உயிர் இருக்கணும்ல?”

பஞ்சர் கிட்டே போனான். “என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீங்கதானே லாரி அனுப்பினீங்க?”

“அனுப்பினேன்ல? அதை மறந்துடாத தம்பி.”

“அவ எந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு அங்க போய்ப் படுத்தா?”

தலைவர் குடையை மடக்கினார். “ஃபேக்டரியை மூடிட்டா உங்க தெருவுக்கு யாருப்பா தண்ணி குடுப்பா?”

“கிணறு,” என்றான் பஞ்சர். இந்தத் தடவை அது கிண்டலாக வரவில்லை.

கமிஷனர் எல்லாவற்றையும் படம் எடுத்து முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். “அப்ப உண்மையான கழிவு எங்கதான் போகுது? ஓடைப் பக்கம் குழாயையே காணோமே.”

அப்போது தோல் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு தொழிலாளி வந்தார். தோலிலிருந்து முடியை உதிர்க்கும் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவர். முழங்கால் வரை வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு மூலையில் கிடந்த தோல்களைக் காலால் ஒதுக்கி, கீழே இருந்த பலகைக் கல்லைக் கம்பியால் நெம்பினார். கல் நகர்ந்தது.

உள்ளே ஆழமாக இறங்கும் ஒரு போர்க்குழாய். தண்ணீர் எடுக்கப் போட்ட போர் அல்ல. நுரைத்துக்கொண்டு ஒரு பழுப்புக் குழம்பு அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது, நேராகப் பூமிக்குள், ஊரின் கிணறுகள் எல்லாம் ஊறும் இடத்துக்கு.

கமிஷனர் ஓட்டைக்கு நேராகக் குனிந்தார். குனிந்தவர் இரண்டடி பின்னால் துள்ளினார்.

“ஐயோ!” என்று கத்தினார். “நாத்தம்! எனக்கு நாத்தம் தெரியுது!”

பதினைந்து வருடமாக ஆறு டாக்டர்களால் முடியாததை அந்தப் போர்க்குழாய் ஒரு நொடியில் செய்து முடித்திருந்தது.

அண்ணி டிரைவர் கையிலிருந்த பைகளை வாங்கி எண்ணினார். முப்பது. “தம்பி, முதல்ல இதைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வா,” என்றார்.

*

வெள்ளிக்கிழமை கோர்ட் ஹால் நிரம்பி வழிந்தது. ஓடைத் தெருவே வந்திருந்தது. ஆனால் யார் முகத்திலும் களை இல்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு தெருவுக்கு லாரி வரவில்லை.

கமிஷனர் அறிக்கையை வாசித்தார். போர்க்குழாய் பற்றிய பத்தியைச் சொந்த அனுபவத்தின் நெகிழ்ச்சியோடு வாசித்தார். இனி என்ன, தீர்ப்புதான் என்று பஞ்சர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது ஃபேக்டரியின் மூத்த வக்கீல் எழுந்தார். அவருக்குப் புத்தகம் தூக்க இரண்டு ஜூனியர்கள், அவர் ஜோக்குக்குச் சிரிக்க ஒரு ஜூனியர்.

“ஐயா, மனுதாரர் தன் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறார். இதோ அவருடைய கடிதம். மனுதாரரே மோசடிப் பேர்வழி என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. மனுதாரர் இல்லாமல் மனு இல்லை. மனு இல்லாமல் கமிஷனர் இல்லை. கமிஷனர் இல்லாமல் அறிக்கை இல்லை.”

மூன்றாவது ஜூனியர் சிரித்தார்.

பஞ்சர் அண்ணியின் காதில், “தலைவரைப் பிடிச்சதுல நாமளே வழக்கைக் கொன்னுட்டோமா?” என்றான். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்படி அவரை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “மனுதாரர் போகலாம். அவர் மேல என்ன நடவடிக்கைங்கறதை அப்புறம் பாக்கறேன். ஆனா வழக்கு அவரோட சொத்து இல்ல. பாதிக்கப்பட்டவங்க வேற யாராவது அவர் இடத்துக்கு வர்றதா இருந்தா நான் தொடர்ந்து கேப்பேன். யாராவது இருக்கீங்களா?”

பஞ்சரும் அண்ணியும் சாட்சிகள். அவர்களே மனுதாரரானால் அவர்கள் சாட்சியத்துக்கு மதிப்புப் போய்விடும். தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாளைக்கு யாரிடம் குடத்தை நீட்டுவது என்ற யோசனை எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. பஞ்சருக்கு அவர்களைத் திட்ட வாய் வரவில்லை.

“நான் இருக்கேங்க ஐயா.”

கடைசி வரிசையில், சுவரோரமாக, சுண்ணாம்புத் தொட்டிக்காரர் எழுந்து நின்றார். அன்றைக்குத்தான் சலவை செய்த சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. “எங்க வீடும் ஓடைத் தெருப் பக்கம்தான். எங்க கிணறும் அதே தண்ணிதான்.”

“எங்க கட்சிக்காரர்கிட்ட வேலை பார்க்கிறவர்!” என்று மூத்த வக்கீல் துள்ளினார்.

“அது குத்தமா?” என்றார் நீதிபதி. “உறுதிமொழிப் பத்திரம் தயார் பண்ணுங்க.”

வக்கீலம்மா அங்கேயே எழுதினார். தொழிலாளிக்குக் கையெழுத்துப் போட வராது என்பதால் கிளார்க் மைப்பெட்டியை நீட்டினார். அவர் கட்டைவிரலை அழுத்திக் காகிதத்தில் வைத்து எடுத்தார்.

வழுவழுவென்று ஒரு நீலத் திட்டு. கோடு இல்லை, சுழி இல்லை.

“கொஞ்சம் அழுத்தி வையுங்க,” என்றார் கிளார்க். மறுபடியும் நீலத் திட்டு. மற்றக் கை. ஆள்காட்டி விரல். நடுவிரல். கிளார்க் ஒவ்வொன்றாகப் பத்தையும் வைத்துப் பார்த்தார். காகிதம் முழுக்கப் பத்து நீலத் திட்டுகள், மழைத்துளி விழுந்து கலைந்த மாதிரி.

மூத்த வக்கீல் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து உயர்த்திக் காட்டினார். “ஆட்சேபிக்கிறேன் ஐயா! ரேகையே விழாத ஒருவர் யார் என்று எப்படி நம்புவது? அடையாளம் இல்லாத மனுதாரரை இந்தக் கோர்ட் ஏற்கக் கூடாது.”

மூன்றாவது ஜூனியர் சிரிக்க வாயைத் திறந்தார். நீதிபதியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“அதை இங்க குடுங்க,” என்றார் நீதிபதி. காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “உங்க ரேகையெல்லாம் எங்க போச்சு?”

“சுண்ணாம்புத் தொட்டியில போச்சுங்க ஐயா.”

“எத்தனை வருஷமா அங்க வேலை?”

“பத்தொன்பது.”

“கையுறை குடுக்கலையா?”

தொழிலாளி முதல் தடவையாகச் சிரித்தார். “ஆய்வுக்கு வர்ற அன்னிக்குக் குடுப்பாங்கய்யா. சாயங்காலம் திருப்பி வாங்கிப்பாங்க.”

நீதிபதி மூத்த வக்கீலைப் பார்த்தார். “ரொம்ப நன்றி. மனுதாரர் தரப்பு ஒன்பது வருஷமா முயற்சி பண்ணியும் கொண்டு வர முடியாத சாட்சியத்தை நீங்க ரெண்டு நிமிஷத்துல கையாலயே தூக்கிக் காட்டிட்டீங்க. கிளார்க், இந்தக் காகிதத்தைச் சான்றாவணமாகக் குறிச்சுக்குங்க. இவரை எனக்கு நல்லா அடையாளம் தெரியுது.”

பத்து நிமிடத்தில் உத்தரவு வந்தது. அன்று மாலைக்குள் ஃபேக்டரிக்குப் பூட்டு, மின்சாரம் துண்டிப்பு. போர்க்குழாயை அடைத்து, கெட்ட கிணறுகளை ஃபேக்டரி செலவில் சுத்தம் செய்ய வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் ஓடும் வரை கதவு திறக்காது; அதுவரை தொழிலாளர்களுக்குச் சம்பளமும், ஓடைத் தெருவுக்குக் குடிதண்ணீரும் நிர்வாகமே தர வேண்டும்.

வெளியே வராந்தாவில் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வக்கீலம்மா சுவரில் சாய்ந்து அழுதார். சுண்ணாம்புத் தொட்டிக்காரர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவசரமாகப் படியிறங்கினார். பஞ்சர் ஓடிப்போய் அவரைப் பிடித்தான்.

“எங்க ஓடறீங்க? எல்லாரும் உங்களைத்தான் தேடறாங்க!”

“இல்ல தம்பி, சாயங்காலம் பூட்டிடுவாங்களாமே. என் டிபன் பாக்ஸ் உள்ள இருக்கு.”

பஞ்சருக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. நல்ல பதில்தான், வராந்தாவே சிரித்திருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. ஸ்கூட்டரைக் கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் சங்கிலியும் அரக்குமாக நின்றிருந்தார்கள். காவலாளி இந்தத் தடவை காரணம் தேடாமல் சின்னக் கதவைத் திறந்துவிட்டார். சுண்ணாம்புத் தொட்டிக்காரர் உள்ளே போய், மூடி நசுங்கிய ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“இப்பப் பூட்டுங்க,” என்றார் அதிகாரியிடம்.